பர் துபாய்: கருவிகள் காக்கும் நகரில் கருவிகளைக் காப்பது யார்?

வளைகுடாவில் வாழும் தமிழர்கள் பலருக்கும் பர் துபாயின் காலித் பின் அல் வலீத் சாலை பழக்கமான இடம். கணினிகளும் உதிரிப் பாகங்களும் வாங்குவதற்காக எமிரேட்டுகளின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து செல்லும் கடைத்தெரு அது. இப்போது அந்தக் கடைகளின் அலமாரிகளில் வேறு வகைப் பொருட்களும் இடம்பிடித்துள்ளன. கண்காணிப்பு கேமராக்கள், கைபேசியால் திறக்கக்கூடிய பூட்டுகள், வாகனம் எங்கே நிற்கிறது என்று அறிவிக்கும் கருவிகள், குளிர்பதன அறையின் வெப்பநிலையை அளந்து அனுப்பும் சென்சார்கள் ஆகியவை அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன.

மனிதர் ஒருவர் அமர்ந்து இயக்காமலேயே இவை இணையத்துடன் தொடர்பு கொண்டு தகவல்களை அனுப்பவும் பெறவும் செய்கின்றன. இவ்வகைக் கருவிகளின் வலையமைப்பே 'பொருட்களின் இணையம்' என்று அழைக்கப்படுகிறது.

தன்னை ஒரு 'ஸ்மார்ட்' நகராக மாற்றிக்கொள்வதில் துபாய் அளவுக்கு முனைப்புக் காட்டிய நகரங்கள் உலகில் குறைவு. ஆனால் நகரையும் வணிகத்தையும் காக்கும் என்று நிறுவப்படும் இந்தக் கருவிகளை யார் காப்பது, அவை திரட்டும் தகவல்களை யார் காண்பது என்ற கேள்விகள் நாளுக்கு நாள் வலுப்பெற்று வருகின்றன. பர் துபாய் போன்ற பழைய, நெரிசலான, தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் மிகுந்த பகுதிகளில் இக்கேள்விகள் கூடுதல் கனம் பெறுகின்றன.

சுங்கவரி முதல் மின்மானி வரை

துபாயில் வாழ்வோர் 'பொருட்களின் இணையம்' என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே அதன் முன்னோடியுடன் வாழத் தொடங்கிவிட்டனர். 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி 'சாலிக்' எனப்படும் சாலைச் சுங்கவரி முறை நடைமுறைக்கு வந்தது. வாகனத்தின் முன் கண்ணாடியில் ஒட்டப்படும் சிறிய அட்டையை வானொலி அலைகள் மூலம் படித்து, வாகனத்தை நிறுத்தாமலேயே கட்டணத்தைக் கழித்துக்கொள்வது அதன் செயல்முறை. பர் துபாயையும் தேராவையும் இணைக்கும் மக்தூம் பாலத்துக்கு 2008 செப்டெம்பரில் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது.

அடுத்து வந்தது மெட்ரோ. 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் தேதி ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் இந்த ரயில் சேவை தொடங்கியது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, பர் துபாயின் ஊடாகச் சென்று கடற்கழியின் அடியில் தேராவை அடையும் பச்சைத் தடமும் திறக்கப்பட்டது. பயணிகள் பயன்படுத்தும் 'நோல்' அட்டை ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பதிவு செய்கிறது.

இவ்வாறு தனித்தனியாக இயங்கிய முறைகளை ஒன்றிணைக்கும் திட்டமாகவே, துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ராஷித் அல் மக்தூமின் வழிகாட்டலில் 'ஸ்மார்ட் துபாய்' திட்டம் 2014ஆம் ஆண்டு முன்னெடுக்கப்பட்டது. 2017 அக்டோபரில் பொருட்களின் இணையத்துக்கெனத் தனியே ஒரு வியூகமும் வெளியிடப்பட்டது. அரசுத் துறைகள் தத்தம் கருவிகளைத் தனித்தனியே நிறுவாமல், பொதுவான விதிகளின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம்.

சாதாரணக் குடும்பங்களை மிக நேரடியாகத் தொட்டது மின்சார, குடிநீர் மீட்டர்களின் மாற்றம். தேவா என்று அழைக்கப்படும் துபாய் மின்சார, நீர் ஆணையம் பழைய மீட்டர்களை அகற்றிவிட்டு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தியுள்ளது. வீடு வீடாகச் சென்று அளவைக் குறித்துவரும் ஊழியரின் வேலை இதனால் மறைந்தது. குழாயில் கசிவு ஏற்பட்டு நீர்ப் பயன்பாடு வழக்கத்தை மீறினால் வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை அனுப்பவும் முடிகிறது.

உப்பு நீக்கிய கடல்நீரைக் குடிநீராகவும், ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் குளிரூட்டியை அடிப்படைத் தேவையாகவும் கொண்ட ஒரு நகருக்கு இது ஆடம்பரமல்ல. ஒவ்வொரு லிட்டர் நீரும் மின்சாரத்தைச் செலவழித்தே கிடைக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் 30,000 பழைய கட்டடங்களை மின்சிக்கனத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கும் இலக்கைத் துபாய் வைத்திருப்பதும் இதன் பின்னணியில்தான்.

வணிகர்களின் கணக்கு

வணிக நிறுவனங்கள் இக்கருவிகளை நாடுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று இலாபம், மற்றொன்று சட்டம்.

இலாபத்தின் கணக்கு எளிமையானது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வரும் காய்கறி, மீன், பூ ஆகியவற்றை விற்கும் ஒரு கடையில் கோடைக்கால இரவொன்றில் குளிர்பதனப் பெட்டி நின்றுபோனால் மறுநாள் காலை சரக்கு முழுவதும் குப்பைக்குத்தான் போகும். வெப்பநிலை உயர்ந்த சில நிமிடங்களில் உரிமையாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் சென்சாரின் விலை அந்த இழப்போடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. சரக்கு வாகனங்களின் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவிகளும், ஆளில்லாத அறைகளில் குளிரூட்டியை நிறுத்தும் கருவிகளும் இதே கணக்கில்தான் வாங்கப்படுகின்றன.

கண்காணிப்பு கேமராவைப் பொறுத்தவரை விருப்பத்துக்கு இடமில்லை. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹமாஸ் தளபதி மஹ்மூத் அல் மப்ஹூஹ் துபாய் விடுதி ஒன்றில் கொல்லப்பட்டபோது, விமான நிலையம், விடுதிகள், கடை வளாகங்கள் ஆகியவற்றின் கேமராப் பதிவுகளை ஒன்றோடொன்று கோர்த்து, சந்தேக நபர்களின் நடமாட்டத்தைத் துபாய் காவல்துறை உலகுக்குக் காட்டியது. தனியார் நிறுவனங்களின் கேமராக்களும் நகரின் பாதுகாப்பு ஏற்பாட்டின் பகுதியே என்ற கருத்தை அந்த நிகழ்வு உறுதிப்படுத்தியது.

இன்று 'சிரா' எனப்படும் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறை முகமை இத்துறையை நிர்வகிக்கிறது. விடுதிகள், வங்கிகள், நகைக்கடைகள், பணமாற்று நிலையங்கள் உள்ளிட்ட நிறுவனங்கள் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே கேமராக்களை அமைக்க வேண்டும். பதிவுகளைப் பொதுவாக 31 நாட்கள் பாதுகாத்து வைக்கவும் வேண்டும்.

உரிமம், தரம், பதிவுக்காலம் ஆகியவை பற்றிய இவ்விதிகள் கேமரா சரியாகப் படம்பிடிக்கிறதா என்பதை ஓரளவு உறுதிசெய்கின்றன. ஆனால் அந்தக் கேமரா வேறு எவருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரு நகைக்கடையிலோ வங்கியிலோ அதைக் கவனிக்கத் தனித் துறை இருக்கும். ஆறு பேர் வேலை செய்யும் உணவகத்திலோ தையற்கடையிலோ அப்படி எவரும் இருப்பதில்லை.

பலவீனம் எங்கே உள்ளது?

இத்தகைய சிறு நிறுவனங்களில் நடைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஒப்பந்ததாரரின் தொழில்நுட்ப ஊழியர் வந்து கேமராக்களையும் பதிவுக் கருவியையும் பொருத்துகிறார். கடையில் ஏற்கெனவே உள்ள இணைய இணைப்பிலேயே அவற்றை இணைக்கிறார். உரிமையாளர் எங்கிருந்தாலும் கைபேசியில் கடையைக் காண வேண்டும் என்று கேட்பதால், வெளியிலிருந்து உள்ளே வர வழி ஏற்படுத்துகிறார். கடவுச்சொல் ஒன்றை வைத்து, அதைப் பலமுறை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்கிறார்.

இதில் மூன்று பலவீனங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, தொழிற்சாலையில் வைக்கப்பட்ட கடவுச்சொல்லோ, ஒப்பந்ததாரர் தமது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வைக்கும் ஒரே கடவுச்சொல்லோ மாற்றப்படாமல் தொடர்வது. இரண்டாவது, கேமராவும் கடையின் கணக்குக் கணினியும் ஒரே வலையமைப்பில் இருப்பது. கேமராவுக்குள் நுழைந்தவர் அடுத்த அடியில் கணக்குக் கணினியையும் எட்டிவிட முடியும். மூன்றாவது, கருவிக்குள் இருக்கும் மென்பொருள் ஒருபோதும் புதுப்பிக்கப்படாதது. கைபேசி தன்னைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டும். சுவரின் உச்சியில் இருக்கும் கேமரா அப்படி எதையும் கேட்பதில்லை.

இந்தப் பலவீனங்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை 2016ஆம் ஆண்டே உலகம் கண்டது. 'மிராய்' என்ற தீங்குநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் சுமார் அறுபதைக் கொண்ட ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இணையம் முழுவதும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. இலட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அந்தக் கருவிகளின் படையைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவின் 'டின்' நிறுவனம் தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரும் தளங்கள் பல மணிநேரம் முடங்கின. மிராயை உருவாக்கியவர்கள் எந்த நாட்டின் உளவு நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் அல்லர். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர்கள் மூவரும் இளைஞர்கள்.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தன் கேமரா இத்தாக்குதலில் பங்கேற்றது என்பதை அதன் உரிமையாளர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. படம் வழக்கம்போல் தெரிந்துகொண்டிருந்திருக்கும். கருவியை வாங்கியவருக்கு இழப்பு இல்லை, விற்றவருக்கும் இழப்பு இல்லை. துன்பம் அனைத்தும் மூன்றாமவருக்கு. சந்தை தானாக இக்குறையைச் சரிசெய்யாது என்று பாதுகாப்பு நிபுணர்கள் வாதிடுவதன் அடிப்படை இதுவே.

உரிமையாளரே பாதிக்கப்படும் நிகழ்வுகளும் உண்டு. 2013ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் 'டார்கெட்' அங்காடி நிறுவனத்திலிருந்து சுமார் நான்கு கோடி வாடிக்கையாளர்களின் கட்டண அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தியது, அந்நிறுவனத்தின் குளிரூட்டி, குளிர்பதன வேலைகளைக் கவனித்த ஒப்பந்ததாரருக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியை. பராமரிப்பு வேலைகள் அனைத்தையும் வெளி ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைக்கும் வளைகுடா நிறுவனங்களுக்கு இது அந்நியமான கதையல்ல.

இந்தியாவிலும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராப் பதிவுகள் களவாடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லே அதற்கும் வழிவகுத்ததாகப் புலனாய்வில் தெரியவந்தது.

வளைகுடா கற்ற பாடம்

எண்ணெய் வளைகுடாவைப் பொறுத்தவரை இணைக்கப்பட்ட கருவிகளின் ஆபத்து கற்பனையல்ல. 2012 ஆகஸ்டில் 'ஷமூன்' என்ற தீங்குநிரல் சவுதி அராம்கோ நிறுவனத்தின் சுமார் 30,000 கணினிகளின் தரவுகளை அழித்தது. எண்ணெய் உற்பத்தி தப்பியது. ஆனால் உலகின் மிகப்பெரும் எண்ணெய் நிறுவனம் பல நாட்கள் தாளையும் தொலைநகலையும் நம்பி இயங்க வேண்டியதாயிற்று.

அதைவிடக் கடுமையான எச்சரிக்கை 2017ஆம் ஆண்டு வந்தது. சவுதி அரேபியாவின் பெட்ரோ இரசாயன ஆலை ஒன்றில், அழுத்தம் அல்லது வெப்பம் ஆபத்தான அளவை எட்டும்போது ஆலையைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவிகளையே தாக்குதல்காரர்கள் கைப்பற்ற முயன்றனர். 'ட்ரைட்டன்' எனப் பெயரிடப்பட்ட அந்தத் தீங்குநிரலின் பிழை ஒன்றால் ஆலை நின்றுபோனதாலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. தகவல் திருட்டைத் தாண்டி உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய தாக்குதல்களும் சாத்தியம் என்பதை அது உணர்த்தியது.

இப்பின்னணியில் துபாய் தனது மின்னணுப் பாதுகாப்பு மையத்தை 2014ஆம் ஆண்டே நிறுவியது. 2017ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்பு வியூகத்தை அறிவித்து, 2023ஆம் ஆண்டு அதைப் புதுப்பித்தது. கூட்டாட்சி அளவில் இணையப் பாதுகாப்பு மன்றம் 2020ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது.

பொருட்களின் இணையத்துக்கென்றே கொள்கை வகுத்த நாடுகளிலும் ஐக்கிய அரபு எமிரேட்டுகள் முன்வரிசையில் உள்ளது. 2019ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, இச்சேவையை வழங்கும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசின் இரகசிய, முக்கியத் தகவல்கள் நாட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் தகவல்களைத் திரட்ட வேண்டும் என்ற கோட்பாடுகளும் அதில் இடம்பெற்றுள்ளன.

ஆக, விதிகள் இல்லை என்று சொல்ல இயலாது. விமான நிலையம், மெட்ரோ, மின்வழங்கல் போன்ற பெரும் அமைப்புகளில் அவை கடுமையாகவே பின்பற்றப்படுகின்றன. இடைவெளி இருப்பது பெரும் அமைப்புகளுக்கும் கடைத்தெருவுக்கும் இடையில்தான்.

தீயும் தடுப்புச் சுவரும்

பொருட்களின் இணையத்தின் நன்மையும் அது எழுப்பும் சங்கடமும் ஒருசேரத் தெரியும் இடம் தீப்பாதுகாப்பு.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி, பர் துபாய்க்கு எதிர்க்கரையில் தேராவின் அல் ராஸ் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் ஏற்பட்ட தீயில் 16 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் இந்தியர்கள். அந்த நால்வரில் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்பது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகத் துபாய் குடிமைப் பாதுகாப்புத் துறை அறிவித்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீ சுமார் 50 உயிர்களைப் பலிகொண்டது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், ஏழு பேர் தமிழர்கள். அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருள் பயன்படுத்தப்பட்டிருந்ததாகவும், மொட்டை மாடிக்குச் செல்லும் கதவு பூட்டப்பட்டிருந்ததாகவும் குவைத் தீயணைப்பு அதிகாரிகள் தெரிவித்தனர்.

தீ எச்சரிக்கைக் கருவிகளை நேரடியாகக் கட்டுப்பாட்டு மையத்துடன் இணைப்பது இத்தகைய துயரங்களைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. எமிரேட்டுகளின் உள்துறை அமைச்சு எதிசலாத் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தும் 'ஹஸன்துக்' திட்டம் இதையே செய்கிறது. கட்டடத்திலோ வீட்டிலோ புகையை உணரும் கருவி, அழைப்பு மணியோடு நின்றுவிடாமல், 24 மணிநேரமும் இயங்கும் மையத்துக்குத் தகவல் அனுப்புகிறது. எவரும் தொலைபேசியை எடுத்து முகவரி சொல்லத் தேவையில்லை. தீவிபத்தில் முதல் சில நிமிடங்களே உயிரையும் சாவையும் பிரிக்கின்றன என்பதால் இதன் மதிப்பு மிகப் பெரிது.

ஆயினும் கருவியால் செய்ய இயலாதவையும் உண்டு. வெளியேறும் வழியை மறிக்கும் தடுப்புச் சுவரை அதனால் அகற்ற முடியாது. ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்குவதையும் தடுக்க முடியாது. பர் துபாயிலும் தேராவிலும் 'பெட் ஸ்பேஸ்' என்ற பெயரில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து வாழ்வோர் ஏராளம். தனி அறைக்கான வாடகையைக் கட்டினால் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது என்பதே அதற்குக் காரணம்.

2025 ஜூனில் துபாய் மாநகராட்சி, அனுமதியின்றி அறைகளைத் தடுத்து வாடகைக்கு விடுவோருக்கு எதிரான நடவடிக்கையைத் தீவிரப்படுத்தியது. பர் துபாயின் ரஃபா பகுதியும் அதில் அடங்கும். உயிர்ப் பாதுகாப்பே நோக்கம் என்று அதிகாரிகள் கூறினர். அல் ராஸ், மங்காஃப் துயரங்களுக்குப் பின் அந்த வாதத்தை மறுப்பது கடினம். அதேவேளை, இரவோடிரவாக வேறு இடம் தேட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் குறைந்த ஊதியம் பெறுவோரே.

இங்குதான் கருவிகள் பற்றிய கேள்வி கூர்மையடைகிறது. ஸ்மார்ட் மீட்டரின் அளவுகளைக் கொண்டு ஒரு வீட்டில் ஏறத்தாழ எத்தனை பேர் வாழ்கிறார்கள், எப்போது எழுகிறார்கள், எப்போது உறங்குகிறார்கள் என்பதை ஊகிக்க முடியும். வாயிற் கேமராவும் மின்னணுப் பூட்டும் அதையே இன்னும் துல்லியமாகச் சொல்லிவிடும். இவை நீர்க்கசிவைக் கண்டறியவும் திருட்டைத் தடுக்கவும் பொருத்தப்பட்டவை. வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படும் சாத்தியம் அவற்றின் இயல்பிலேயே அமைந்துள்ளது.

எச்சரிக்கைக் கருவி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே கருவிகளைக் கண்டு அதிகம் அஞ்ச வேண்டிய நிலை உருவானால், அக்கருவியின் பயன் பாதியாகிவிடும். புகை உணர்த்தியைத் துணியால் மூடிவைப்பவரும், இணைப்பைத் துண்டித்துவைப்பவரும் பாதுகாப்பை வெறுப்பதால் அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலும் தொல்லைக்கும் கண்காணிப்புக்கும் அஞ்சியே செய்கின்றனர்.

காண்பவர் யார்?

2018ஆம் ஆண்டு துபாய் காவல்துறை 'ஒயூன்', அதாவது 'கண்கள்', என்ற திட்டத்தை அறிவித்தது. நகரெங்கும் உள்ள கேமராக்களை ஒருங்கிணைத்து, முகங்களை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவை அதில் பயன்படுத்துவது நோக்கம். குற்றங்கள் குறைந்த நகரம் என்று துபாய் பெற்றுள்ள பெயரில் இக்கண்களுக்குப் பங்குண்டு என்பதை அங்கு வாழும் பலர் ஏற்கின்றனர். நள்ளிரவில் பெண்கள் தனியே நடந்து செல்ல முடிவதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

தனியுரிமையைக் காக்கும் சட்டங்களும் இல்லாமல் இல்லை. அனுமதியின்றிப் பிறரைப் படமெடுத்துப் பரப்புவது இணையக் குற்றச் சட்டத்தின் கீழ் கடும் தண்டனைக்குரியது. 2021ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் தனிநபர் தகவல்களைத் திரட்டும் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடுகளை விதிக்கிறது.

ஆனால் அந்தச் சட்டம் அரசிடம் உள்ள தகவல்களுக்கோ, அத்தகவல்களைக் கையாளும் அரசு அமைப்புகளுக்கோ பொருந்தாது. துபாய் சர்வதேச நிதி மையம் போன்ற சில சுதந்திர வலயங்களுக்குத் தனித் தகவல் பாதுகாப்புச் சட்டமும் தனி ஆணையரும் உள்ளனர். அந்த வலயத்தின் கண்ணாடிக் கோபுரத்தில் பணிபுரியும் அதிகாரிக்கு உள்ள முறையீட்டு வழி, சில கிலோமீட்டர் தள்ளி மீனா பஜாரில் துணிக்கடையில் பணிபுரியும் விற்பனையாளருக்கு அதே வடிவில் இல்லை.

கடைக்குள் நிலைமை இன்னும் எளிமையானது. கல்லாப்பெட்டியைக் காக்கப் பொருத்திய கேமரா, ஊழியர் எத்தனை முறை தேநீர் அருந்தச் சென்றார் என்பதையும் காட்டுகிறது. விசாவும் வேலையும் ஒரே முதலாளியைச் சார்ந்திருக்கும்போது, அந்தப் பதிவை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஊழியர் கேட்கத் துணிவது அரிது.

பிற நாடுகள் காட்டும் வழி

கருவிகளின் அடிப்படைப் பாதுகாப்பை வாங்குவோரின் பொறுப்பில் விடாமல், தயாரிப்பவர், விற்பவர் மீது சுமத்தும் போக்கு உலகில் வலுத்து வருகிறது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதைத் தடை செய்தது. எத்தனை காலத்துக்கு மென்பொருள் புதுப்பிக்கப்படும் என்பதையும் விற்கும்போதே அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும்.

சிங்கப்பூர் 2020ஆம் ஆண்டே இத்தகைய கருவிகளுக்கு நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரையை அறிமுகப்படுத்தியது. மின்சாதனங்களில் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரங்களைப் போல, வாங்குவோர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள இது உதவுகிறது. இந்தியாவில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், கண்காணிப்பு கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பின்னரே விற்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கோவை, மதுரை, திருச்சி உள்ளிட்ட 11 தமிழக நகரங்கள் ஸ்மார்ட் நகரத் திட்டத்தின் கீழ் கேமராக்களையும் கட்டுப்பாட்டு மையங்களையும் அமைத்துள்ள நிலையில் இவ்விதி தாமதமாகவே வந்தது என்று கருத இடமுண்டு.

பர் துபாயைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிச் சிக்கல் உள்ளது. துபாய் ஒரு மறு ஏற்றுமதி நகரம். இங்கே விற்கப்படும் கருவிகள் அனைத்தும் இங்கேயே தங்குவதில்லை. கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்கும் ஈரானுக்கும் செல்கின்றன. விடுமுறையில் ஊர் செல்வோரின் பயணப் பெட்டிகளில் இராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்கின்றன. தனியே வாழும் பெற்றோரை வளைகுடாவிலிருந்தே கைபேசியில் பார்த்துக்கொள்ள வாங்கப்படும் கேமரா, கிராமத்து வீட்டின் கூடத்தில் பொருத்தப்பட்டபின் எந்த நாட்டின் ஒழுங்குமுறை ஆணையமும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனவே இங்குள்ள அலமாரிகளில் எது விற்கலாம் என்பதற்குத் துபாய் விதிக்கும் நிபந்தனை அதன் எல்லையைத் தாண்டியும் பயன் தரும். பிரிட்டனும் சிங்கப்பூரும் விதித்துள்ள நிபந்தனைகளை நிறைவேற்றும் அதே தயாரிப்பாளர்களே இச்சந்தைக்கும் கருவிகளை அனுப்புகின்றனர் என்பதால், அது தொழில்நுட்ப ரீதியில் கடினமானதல்ல.

அதுவரை சிறு வணிகர்களும் குடும்பங்களும் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உள்ளன. கருவியைப் பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுவது, கேமராக்களைக் கணக்குக் கணினியிலிருந்து தனி இணைப்பில் வைப்பது, ஒப்பந்ததாரர் விலகும்போது அவருக்கு வழங்கிய அனுமதியை நீக்குவது, தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய கருவியை அகற்றுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை.

ஆனால் திரட்டப்படும் தகவல்களை யார், எதற்காக, எவ்வளவு காலம் பார்க்கலாம் என்பதைத் தனிமனிதர் தீர்மானிக்க முடியாது. அது அரசின் கையில் உள்ளது. தீயிலிருந்து காக்க வைத்த கருவி அந்த ஒரு வேலையை மட்டுமே செய்யும் என்று சட்டம் உறுதியளித்தால், ரஃபாவின் நெரிசலான அறைகளில் வாழ்வோரே அதை முதலில் வரவேற்பர். அத்தகைய உறுதிமொழி இல்லாதவரை, துபாயின் ஸ்மார்ட் திட்டங்கள் அதன் கோபுரங்களில் பெற்ற நம்பிக்கையை அதன் பழைய தெருக்களிலும் பெறுவது எளிதாக இருக்காது.